காசின் பின்பக்கம்

இது மெய்யாக நடந்தது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். பழைய வெள்ளிக்காசுகளைப் பார்த்து விலை சொல்வது என் தொழில். இல்லாததை இருப்பதாகச் சொல்கிற ஆளாக இருந்தால் என் கடை என்றைக்கோ மூடியிருக்கும்.

என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்து, மகள் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மனைவி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து நீட்டினாள். கல்யாணத்தன்று அவள் அப்பா கொடுத்தது. உங்கப்பா என் தலையில் கட்டிய இரண்டாவது சரக்கு என்று அதைக் கிண்டல் செய்வேனே தவிர, ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஊர்ல உள்ள காசுக்கெல்லாம் பொறந்த எடம் சொல்றீங்க. இதுக்கும் பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் போகமாட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

லென்சும் விளக்கும் கடையில் இருந்தன. கடை தெருமுனைதான். ஓடினேன்.

ஒரே வருடம், ஒரே முகம் போட்ட காசுகளைப் பல ஊர்களில் அடித்திருப்பார்கள். எந்த ஊர் என்பதை வருடத்துக்குக் கீழே இருக்கும் குட்டிப் புள்ளியோ எழுத்தோதான் சொல்லும். விலையும் அதை வைத்துத்தான். இவள் காசில் அந்த இடம் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. வாயைக் காசின் அருகே வைத்து ஊத வேண்டும். மூச்சின் ஈரம் படிந்து விலகும்போது, தேய்ந்த குறி ஒரு நொடி தலைகாட்டும். துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. மேலே படிந்த பழைய கறுப்பு போனால் காசின் மதிப்பும் போய்விடும். என் தொழிலில் நான் ஒரு காசைக்கூடத் துடைத்ததில்லை.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். ஹா... ஈரம் படிந்தது, மறைந்தது. குறி தெரியவில்லை. திருப்பினேன்.

பின்பக்கத்திலும் ஈரம் படிந்திருந்தது.

அந்தப் பக்கம் நான் ஊதவேயில்லை.

விரல் வியர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். காசைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்தேன். கையை எடுத்துவிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு பின்பக்கத்தையே பார்த்தேன்.

ஈரம் வந்தது... போனது.

வந்தது... போனது.

யாரோ ரொம்பப் பக்கத்தில் மூச்சு விடுவதுபோல. கடையில் நான் ஒருவன்தான். மின்விசிறிகூட ஓடவில்லை.

ஈர வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. இடைவெளி நீண்டது.

ஹ்ர்ர்... என்று ஒரு சத்தம். காசிலிருந்து.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். மேசைமேல் கிடந்த துணியை எடுத்தேன். காசை அதில் வைத்து, இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

பார்த்தேன்.

ஈரம் இல்லை.

திரும்ப வரவும் இல்லை.

கறுப்பு போன இடத்தில், வருடத்துக்குக் கீழே, புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

அப்போது மணி ஆறு நாற்பது. போன் அடித்தது.

"அப்பா... அம்மா போயிட்டா" என்றாள் மகள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு மகள் என்னிடம் கேட்டாள்.

"கடைசியா அம்மா யார்கிட்டயோ பேசினாப்பா. ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். 'தொடைக்காதீங்க... தொடைக்காதீங்க'ன்னு கெஞ்சினா. எதைச் சொன்னா?"

நான் எழுந்து கடைக்குப் போனேன்.

அந்தக் காசு எந்த ஊரில் அடித்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. தினமும் கடையைத் திறந்ததும் அதை எடுத்து ஊதுகிறேன். ஹா... திருப்பிப் பார்க்கிறேன்.

பின்பக்கம் காய்ந்தே கிடக்கிறது.