புதன்கிழமை மீன்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடுவாஞ்சேரி வீட்டுமனை விளம்பரம். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலைக்கு மேல் கம்பளியை இழுத்துக்கொண்டாள். உள்ளே மைக், செல்போன் வெளிச்சம், அவள். வெளியே ஹெட்போனுடன் நான். மின்சார ரயில் கடந்ததும் கம்பளியைத் தட்டினேன்.

“ஏரிக்கு மிக அருகில், காற்றோட்டமான வீட்டுமனைகள்!”

படித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். “அருகில எங்கடி? ஏரிக்குள்ளயே போட்டிருக்கான்.” மனை விற்பவருக்கு உடனே போன் செய்தாள். “சார், மழை வந்தா ஏரியே வீட்டுக்கு வரும்னும் சேர்த்துப் படிக்கட்டுமா?”

அவர் சிரிக்கவில்லை. வேலை கைவிட்டுப் போனது. மின்விசிறியைப் போட்டேன்.

அந்த வாரமே மாரடைப்பில் இறந்துபோனாள்.

அம்மாவின் பெயர் சாமுண்டீஸ்வரி. பீர்க்கன்கரணையில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவள். எந்த நிறுவனத்திலும் சேராமல், கூப்பிட்டவர்களுக்கு விளம்பரம் படித்துக் கொடுத்தாள். செப்டிக் டேங்க் லாரி, பழைய இரும்பு வண்டி, தண்ணீர் கேன் கடை எல்லாவற்றிலும் அவள் குரல். தெருவில் அது வந்தால் காய்கறி பேரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள். “இந்த எடத்துல மூச்சு வாங்கிட்டேன்” என்பாள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் தோழி ஜாஸ்மினுடன் பஸ் பிடித்துக் கோவளம் போவாள். போகும் வழியெல்லாம் இருவருக்கும் அரசியல் சண்டை. போனதும் வறுத்த மீன். திரும்ப, கடைசி பஸ். உறவினர்கள் முகம் சுளித்தால், “ஆபீஸ் போறவங்களுக்கு மட்டும்தான் வீக்கெண்டா?” என்று கேட்பாள்.

மீன் விற்கும் குப்பம்மா அங்கேதான் அறிமுகமானார். அம்மா விலை கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“யக்கா, பீர்க்கன்கரணை பக்கம் மீன் விக்க வர்றப்பல்லாம் இந்தக் கொரலுதான் செப்டிக் டேங்கு கழுவிகினு கீது!”

இதை அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். குப்பம்மாவின் குட்டியானை சரக்கு வண்டிக்கு விளம்பரத்தை அவளே எழுதிப் படித்தும் கொடுத்தாள். “கோவளம் மீனு! ஞாயித்துக்கிழமை காலையில உங்க தெருவுக்கே வருது!”

போன வருடம் ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் வந்தார். அவள் குரலை ஒருமுறை பதிவு செய்துகொண்டால் பிறகு கம்ப்யூட்டரே பேசிவிடும் என்றார். நான் மென்பொருள் சோதனையில் வேலை பார்ப்பவள். அது எப்படி நடக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

“நான் படிக்க மாட்டேன்னு சொன்னதையும் அது படிக்குமா?”

“படிக்கும்மா.”

“அப்ப வேணாம்.”

காரியம் முடிந்த பிறகு குப்பம்மா வந்தார். கையில் ஒரு காலி பென் டிரைவ்.

“இப்ப புதங்கெழம சாயங்காலமும் வர்றேன் பாப்பா. புச்சா படிச்சித் தர்றேன்னு அக்கா சொல்லிச்சி. மிஷின்ல அக்கா கொரலையே வர வெக்கலாமாமே? நீதான் படிச்ச பொண்ணாச்சே.”

செய்யலாம். அம்மாவின் பதிவுகள் எல்லாம் என் கணினியில் இருக்கின்றன, அதற்கு அவை போதும். அவள் புதன்கிழமை என்று சொல்வதைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

“அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கக்கா.”

குப்பம்மா பென் டிரைவைத் திருப்பிப் பார்த்தார். “அக்கா சொன்னா சரி. அப்ப நீ படி.”

“எனக்கு வராதுக்கா.”

“இன்னா வராது? அக்கா வயித்துலதான பொறந்த?” என்று பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை குட்டியானை எங்கள் தெருவுக்குள் வந்தது. ஒலிபெருக்கியில் அம்மா ஞாயித்துக்கிழமை காலை என்றாள். அதை மீறிக் குப்பம்மா கத்தினார்.

“ஞாயித்துக்கெழம இல்லம்மா, இன்னிக்கு புதன்! அக்கா மாத்திப் படிக்கறதுக்குள்ள போயிடுச்சி. மீனு புச்சுதான், வாங்க!”

வண்டி போனதும் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக்குடன் கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ரயில் கடந்துவிட்டதா என்று உள்ளிருந்து தெரியவில்லை. தட்டிச் சொல்ல வெளியே ஆள் இல்லை.

பென் டிரைவ் மேசையிலேயே இருக்கிறது.