பிந்தி விழும் கால்

டெல்ஃபின் மேப்ரியின் வலக்கைக் கட்டைவிரல் சனிக்கிழமை பிறந்தது, மற்ற விரல்கள் ஞாயிற்றுக்கிழமை பிறந்தன என்று பென்டன் பிரிட்ஜ் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலியில் உண்மை இருந்தது. அவளுடைய தகப்பனார் சனிக்கிழமைதோறும் மீன் வறுக்கும் கூட்டங்களில் கிட்டாரில் ப்ளூஸ் பாட்டு வாசித்தவர். தடித்த கம்பிகளைக் கட்டைவிரலால் ஓயாமல் நடக்கவிட்டு, மெல்லிய கம்பிகளை ஆட்காட்டி விரலால் முனகவைப்பது அவருடைய கை. அவள் அதைக் கேட்டே பழகியவள். ஓசெல் மேப்ரியைக் கட்டிக்கொண்டு நேபோ மலைச் சபைக்கு வந்த பிறகு, அதே விரல்களால் தேவனைத் துதித்தாள். சபையின் பெண்கள் முதல் வருஷம் முகம் சுளித்தார்கள். அடுத்த வருஷம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தச் சபையில் டிரம்ஸ் கிடையாது. வேண்டாம் என்று ஆதியில் யாரோ வைத்த ஏற்பாடு. மாற்ற வேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. பைன் பலகைத் தரைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெறும் காற்று. அதன்மேல் காலால் அடித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்ததுபோல் இருக்கும். அதற்கு மேல் ஒரு வாத்தியத்தை யார் கேட்பார்கள்?

அந்த அடியை நடத்தியவர் ஓசெல். பீடத்தின் பக்கவாட்டில், சபை மூப்பர்கள் உட்கார்ந்து ஆமென் சொல்லும் ஆமென் மூலையில் முதல் நாற்காலி டீக்கன் மேப்ரியுடையது. இளம்வயதில், மரமறுக்கும் மில்லில் உருண்ட தடி ஒன்று அவருடைய வலது கணுக்காலை நசுக்கியிருந்தது. சங்கிலி அறுந்து அப்படி ஆயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. அவர் சங்கிலியைப் பூட்டவே மறந்தார் என்பது அவருடைய தங்கை வெர்னீஸின் கூற்று. அன்று மதியச் சாப்பாடு கொண்டுபோனவள் வெர்னீஸ்தான் என்பதால் அவள் பேச்சையே ஏற்க வேண்டியிருக்கிறது. எப்படியானாலும், தூக்கிய பாதம் இறங்கும்போது ஒரு மூச்சளவு பிந்தும். டெல்ஃபினின் கட்டைவிரல் அந்தப் பிந்தலுக்குக் காத்திருக்கப் பழகியது; விரலோடு சபையும் பழகியது. மெம்ஃபிஸிலிருந்து வந்த பாடகர்கள், இந்தச் சபையின் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறது என்று வியந்துபோனார்கள். அது ஒரு நொண்டிக் காலிலிருந்து வந்த நடை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பளம் போடலாம் என்ற யோசனை டெல்ஃபினுடையது. குளிர்காலத்தில் பலகை இடுக்குகள் வழியே ஏறும் காற்றில், வயதான பெண்களின் கால்கள் விறைத்துப்போவதை அவள் பார்த்திருந்தாள். பெண்கள் சங்கத்தைக் கூட்டி, கெளுத்தி மீன் வறுத்து விற்று, பணம் சேர்த்தாள்.

"கம்பளம் போட்டுட்டா என் கால் யாரோட பேசும்?" என்று ஓசெல் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"உங்க கால் கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மார்ச் மாதத்தில், தோட்டத்துக்கு விதைக் கிழங்கு வாங்கப் போன இடத்தில், கடை வாசலிலேயே ஓசெலின் இதயம் நின்றது. அவரை அடக்கம் செய்து முடித்த கையோடு, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த ஆட்கள் வந்து, தடித்த பஞ்சு விரிப்பின்மேல் திராட்சைச் சாற்று நிறக் கம்பளத்தை விரித்து ஆணியடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு, அவருடைய நாற்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. டெல்ஃபின் பாட்டை எடுத்தாள். கட்டைவிரல் நடந்தது, காத்திருந்தது. வரவேண்டிய அடி வரவில்லை. சபையார் கால்களை உதைத்துப் பார்த்தார்கள். கம்பளம் எல்லாவற்றையும் விழுங்கியது. பிடிமானம் இல்லாத பாட்டு வேகமெடுத்து, கடைசியில் மூச்சிரைக்க நின்றது. பாடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பலகையை மூட வைத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு விடிகாலை வேலை. மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், தன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓசெல் எப்போதும் எடுத்துக்கொடுக்கும் ஆற்றங்கரைப் பாட்டைத் தனியே வாசித்தாள். இரண்டாம் வரியில், முதுகுக்குப் பின்னால், தரைப்பலகையில் ஒரு தட்டல் விழுந்தது.

திரும்பினாள். வெயில் பலகைமேல் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

மறுபடி வாசித்தாள். மறுபடி விழுந்தது, அதே இடத்தில், ஒரு மூச்சளவு பிந்தி.

அவள் பயப்படவில்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை. அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்ததும், கையைக்கூடக் கழுவாமல் கிட்டாரை எடுத்தாள். வாசிக்காமல் உட்கார்ந்தால் வீடு ஊமையாக இருந்தது. வாசித்தால் அவர் வந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தைத் துடைத்து, சத்தம் வரும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். யாராவது வீட்டுக்குள் வந்தால் தட்டல் வராது. ஆகவே கதவைத் தாழிடப் பழகினாள்.

ஜூலையில் பாஸ்டர் லாக்ஹார்ட் வந்தார். கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சிஸ்டர் மேப்ரி, ஊர்திரும்பும் ஞாயிறு வருது. சிக்காகோ, டெட்ராய்ட்னு போன பிள்ளைங்க எல்லாம் வந்துடுவாங்க. டீக்கன் நாற்காலித் துணியை அன்னிக்கு நீங்கதான் எடுக்கணும். புது டீக்கனா வர்ற ப்ரூயிட் அதுல உக்காரணும். டீக்கன் மேப்ரியோட பாட்டைப் பாடாம அது நடக்காது."

"தெரியும் பாஸ்டர்."

"பாட்டு இப்ப இருக்கிற நிலைமையில..." அவர் தம்ளரைப் பார்த்தார். "கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன் கிடைக்கிறான். அவன் பெட்டிக்குள்ளயே டிரம்ஸ் இருக்கு. பட்டனைத் தட்டினா போதும்."

"பட்டனா?" என்றாள் டெல்ஃபின். "அதெல்லாம் வேண்டாம். அடியை நான் கொண்டுவர்றேன்."

எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது தெரியாது.

கைபேசியில் தேடியபோது, கிட்டாரையே டிரம் ஆக்கி வாசிக்கும் பெண் ஒருத்தி அகப்பட்டாள். உள்ளங்கையின் அடிப்பக்கம் கிட்டார்ப் பெட்டியின் மேற்பலகையில் விழுந்தால் கனத்த அடி. விரல்நுனிகள் ஓரத்தில் பட்டால் கைதட்டல். கட்டைவிரல் கம்பிகளை அறைந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் உலோக விக்கல். பார்க்க விளையாட்டுப்போல் இருந்தது. கையில் எடுத்தால் நரகம். உள்ளங்கை அடிக்கப் போகும் அந்தக் கணத்தில் கம்பிகள் அனாதையாகிவிடும். பாட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை இடக்கை விரல் தானே கம்பியைக் குத்தி ஒலிக்கவைத்து அடைக்க வேண்டும். வருஷக்கணக்கில் ரொட்டி மாவைக் குத்திப் பிசைந்த உள்ளங்கைக்குப் பலம் இருந்தது, பதம் இல்லை. ஒரு பிற்பகலில் மேற்பலகையில் மயிரிழை விரிசல் கண்டது.

பக்கத்து வீட்டு வெர்னீஸ் கதவைத் தட்டோ தட்டென்று தட்டித் திறக்கவைத்தாள்.

"என்ன அண்ணி, கிட்டார் உங்களை வைதுச்சா? இந்தச் சாத்து சாத்துறீங்க!"

"தாளம் பழகுறேன்."

"உங்க கட்டைவிரல் சனிக்கிழமைன்னு தெரியும். உள்ளங்கை எந்தக் கிழமை? சண்டைக்கிழமையா?" வெர்னீஸ் அடுப்பு மேலிருந்த கீரையை ஒரு வாய் எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி, வாசிங்க பாப்போம்."

டெல்ஃபின் வாசித்தாள். இந்த முறை ஓட்டை விழவில்லை. அடி ஒவ்வொன்றும் ஆணிமேல் சுத்தியல்போல் இறங்கியது.

வெர்னீஸ் மெல்லுவதை நிறுத்தினாள். "அடி சரியாத்தான் விழுது. அதான் தப்பு."

டெல்ஃபினுக்குப் புரிந்தது. அவள் அடியைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். ஓசெல் ஒருநாளும் தள்ளியதில்லை. தூக்குவதோடு அவர் வேலை முடிந்தது, இறங்குவது அந்தக் காலின் பாடு. அவள் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, பிறகு அதை மறந்துவிட்டாள். கை தன் கனத்திலேயே வந்து விழுந்தது, ஒரு மூச்சளவு பிந்தி.

வெர்னீஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, இது அண்ணன்."

அவள் போன பிறகு டெல்ஃபின் கதவைத் தாழிட்டுவிட்டு அதே பாட்டை எடுத்தாள். உள்ளங்கை விழுந்தது. முதுகுக்குப் பின்னால் எதுவும் விழவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. பிறகு உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, பழையபடி விரல்களால் மட்டும் வாசித்துப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, தூரத்து அறையிலிருந்து வருவதுபோல், மெலிதாக அந்தத் தட்டல் வந்தது. உள்ளங்கையைத் தூக்கினாள், நின்றது.

இரண்டில் ஒன்றுதான் என்று அவள் தெரிந்துகொண்டாள். அந்த அடி அவள் கையில் இருக்கும், அல்லது அந்தப் பலகையில் இருக்கும்.

மறுநாள் பாஸ்டருக்குப் போன் செய்து, கீபோர்டுப் பையனையே வரச்சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். செய்தி வெர்னீஸின் காதுக்குப் போக அரைநாள்கூட ஆகவில்லை.

"கைக்கு வந்ததை ஏன் கீழ போடுறீங்க?" வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "எதுக்கு அண்ணி இப்படி..."

டெல்ஃபின் சப்பாத்தைக் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

வெர்னீஸ் சிரிக்கவில்லை. அந்தப் பலகையருகே போய், கால் படாமல் ஒதுங்கி நின்றாள். "எனக்கும் வருவார்னு பாத்தேன். ராத்திரி வாசல் விளக்கைக்கூட அணைக்காம வெச்சிருந்தேன். வரலை." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "சபைக்கு வர அவருக்கு வழியில்லை அண்ணி. தரையை மூடிட்டீங்க. இப்ப வீட்டுக்கு வர்றவரையும் சமையக்கட்டுல கட்டிப்போட்டுட்டு, சபைக்குப் பட்டனை அனுப்புறீங்க."

வெர்னீஸ் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஊர்திரும்பும் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, மரநிழலில் விருந்து மேசை போட உதவப் போன டெல்ஃபின், சபைக்குள்ளிருந்து வந்த ஒத்திகையைக் கேட்டாள். பையன் நன்றாகவே வாசித்தான். பெட்டிக்குள்ளிருந்த டிரம்ஸ் ஒரு மயிரிழையும் பிசகவில்லை. ஆற்றங்கரைப் பாட்டு இரண்டு நல்ல கால்களோடு, யாருக்கும் காத்திராமல் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. ஓசெல் அதன் பின்னால் நொண்டிக்கொண்டு ஓடிவருவதுபோல் அவளுக்குத் தோன்றியது. கையிலிருந்த மேசைவிரிப்பை அப்படியே புல்லில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலை அவள் உள்ளங்கையைத் தூக்காமல் அந்தப் பாட்டைக் கடைசியாக வாசித்தாள். தட்டல் ஒவ்வொரு வரியிலும் வந்தது. முடிந்ததும், "நாளைக்கு அங்க வாங்க," என்று பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

ஊர்திரும்பும் ஞாயிற்றில் தொப்பிகளும் விசிறிகளுமாகச் சபை நிறைந்திருந்தது. டெல்ஃபின் நாற்காலிக்குப் போய், கறுப்புத் துணியை எடுத்து மடித்து, தன் இடத்துக்குத் திரும்பி, அதை மடியில் வைத்து அதன்மேல் கிட்டாரை அணைத்துக்கொண்டாள். பையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். எடுக்கும்படி வெர்னீஸ் கண்ணால் சொல்லியிருந்தாள்.

கட்டைவிரல் நடந்தது. உள்ளங்கை எழுந்தது, மறந்தது, விழுந்தது. அந்த முதல் அடியில், பின்வரிசையில் யாரோ "ஓ!" என்றார்கள், அடிபட்டவர்களைப்போல. பிறகு வார்த்தையில்லாத பழைய முனகல் எழுந்து, வரிசை வரிசையாகச் சாய்ந்து நடக்கத் தொடங்கியது. அழுதவர்கள் அழுதார்கள். விரிசல் கண்ட கிட்டார்ப் பலகை ஒவ்வோர் அடிக்கும் கரகரத்தது. அந்தக் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்துகொண்டது.

கடைசிச் சரணத்தில் அவள் உள்ளங்கையைத் தூக்கி, இறக்காமல் நிறுத்தினாள். முன்பே எண்ணி வைத்துச் செய்ததல்ல. அவர் வந்திருக்கிறாரா என்று ஒரே ஒருமுறை அறிய வேண்டியிருந்தது.

கம்பளம் ஊமையாக இருந்தது.

அந்த வெற்றிடத்துக்குள் சபை முழுவதும் காத்திருந்தது. ஒரு மூச்சளவு கழிந்ததும், அத்தனை உள்ளங்கைகளும் முன்னிருக்கைகளின் மரச் சாய்வுகளில் ஒன்றாக விழுந்தன. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை.

வீட்டில் அதன்பின் தட்டல் வரவில்லை. அவள் இன்றும் பிற்பகலில் வாசிக்கிறாள். முதல் வரியில் ஓர் அடிக்கு இடம்விட்டுக் காத்திருக்கிறாள். பிறகு கையை இறக்குகிறாள். சப்பாத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெர்னீஸும் அதை எடுக்கச் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் அவள் வெர்னீஸிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். இலையுதிர் காலத்தில் வெர்னீஸே அதைப் பார்த்துவிட்டாள். நாற்காலியில் இப்போது உட்காரும் டீக்கன் ப்ரூயிட் திடமான மனிதர். தபால் சுமந்து ஊரெல்லாம் நடந்தவர். கால்களில் ஒரு குறையும் இல்லை. ஆற்றங்கரைப் பாட்டு வரும்போது மட்டும் அவருடைய வலது சப்பாத்து எழுந்து, கம்பளத்தின்மேல் சத்தமில்லாமல், ஒரு மூச்சளவு பிந்தி இறங்குகிறது. ஏன் என்று வெர்னீஸ் கேட்டதற்கு அவர் குனிந்து தம் காலையே பார்த்தார்.

"நானா?" என்றார். "நான் காலையே அசைக்கலையே."