தங்கையின் நிலா மண்

என் தங்கை நிலா மண் செய்தாள். கருங்கல்லை வெளிக்காற்றுப் படாத பெட்டிக்குள் பொடித்துச் சலித்து, சூடாக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் அடைத்து மூடியைச் சுற்றி மெழுகும் பூசியிருந்தாள். பல்கலைக்கழக இறுதி ஆண்டு ஆய்வு அது. நிலாவில் காற்று இல்லாததால் அங்குள்ள மண்துகள்களில் ஈரம் ஒட்டியிருக்காதாம். நம்முடைய காற்றும் நீராவியும் ஒருமுறை பட்டுவிட்டால் துகளின் மேற்பரப்பே மாறிவிடும், பிறகு எவ்வளவு உலர்த்தினாலும் அது பழைய மண் ஆகாது என்றாள். எவ்வளவு நீராவி ஒட்டுகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. விடுமுறைக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டியதால் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரிக்கு வந்தது.

"அண்ணா, இதைத் திறந்துபோடாதேங்கோ. எங்கட துறைமுகக் காத்தில ஈரம் கூட."

"நான் என்ன சின்னப்பிள்ளையோ?" என்று எரிந்து விழுந்தேன்.

கிண்ணியாவிலிருந்து என் கூட்டாளி வந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை நிலா மண் வைத்திருக்கிறாள் என்று அளந்தேன்.

"சும்மா கதை விடாத மச்சான். காட்டு பாப்பம்."

கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அவன் எட்டிப் பார்த்து, அடுப்புச் சாம்பல் போல இருக்கிறது என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போனபின் மெழுகுதிரியை உருக்கி, முன்பு இருந்தது போலவே பூசி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறொன்றும் செய்ததில்லை.

விடுமுறை முடிந்து போத்தலைக் கொண்டுபோனவள் பின்னேரம் முகம் வாடித் திரும்பினாள். மண் ஈரத்தை உறிஞ்சி எடை கூடியிருந்ததாம்.

"அண்ணா, நீங்கள் திறந்தனீங்களோ?"

"இல்லை."

சற்று நேரத்தில் அவளுடைய விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தேன்.

"வீட்டில ஒருத்தரும் திறக்கேல்லை மிஸ். அண்ணாட்டக் கேட்டனான். நான்தான் வடிவா மூடேல்லைப் போல. ஓம் மிஸ், முதலில இருந்து செய்யிறன். பட்டமளிப்பு அடுத்த முறைக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை."

அவள் நின்ற இடத்துக்கு ஐந்தாறு அடிதான். எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன, கதிரையை விட்டு நான் அசையவில்லை.

அவளே குசினிக்குள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டிட்டன் அண்ணா. மனசில வச்சிருக்காதேங்கோ."

"சரி, விடு," என்று நான் அவளை மன்னித்தேன்.