குரலைக் குறைக்கச் சொன்ன பாட்டுக்காரன்

செஞ்சியில் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, கூழ் ஊற்றும் திருவிழாவோ, எங்கள் தொழிலுக்கு ஒரே விதி: பாடுகிறவன் குரல் மேலே, வாத்தியம் கீழே. குரல் தெருமுனை வரை கேட்காவிட்டால் கூப்பிட்டவர் சண்டைக்கு வந்துவிடுவார்.

அந்த விதியை மாற்றச் சொன்ன முதல் ஆள் வல்லத்துத் தினேஷ். நண்பர்களோடு ராக் பேண்டு நடத்தினான். அவன் அக்கா கல்யாண ரிசப்ஷனில் அவர்களே கச்சேரி. சாயந்திரம் சவுண்ட் செக் பண்ணும்போது, "அண்ணே, வாய்ஸ கொறைங்க, கிட்டார ஏத்துங்க" என்றான். பாட்டெல்லாம் அவனே எழுதியது. எல்லாம் இங்கிலீஷ்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. செஞ்சிப் பக்கத்துப் பையனுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டேன். தமிழ் வார்த்தை நீளம், பீட்டுக்குள் உட்காராது என்றான் டிரம்மர். சென்னையில் இங்கிலீஷ் பாடினால்தான் மேடை தருகிறார்கள் என்றான் கிட்டார்காரன். கானா பாடுகிறவர்கள் இதைவிட வேகமாகத் தமிழைக் கொட்டுகிறார்களே என்றேன். கேபிள் சரிசெய்யும் சாக்கில் தினேஷ் என்னிடம் வந்தான்.

"தமிழ்ல பாடுனா நைனாவுக்குப் புரிஞ்சிடும்ணே. கம்பெனி வேலைய உட்டுட்டேன். அதத்தான் பாடறேன்."

அவன் நைனா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போட்டு அவனைப் படிக்க வைத்தவர். மகன் சென்னைக் கம்பெனியில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. சொன்னபடியே குரலைக் குறைத்தேன்.

கச்சேரி தொடங்கியதும் முன் வரிசையில் அவன் நைனாதான் ரொம்பக் கைதட்டினார். பாட்டு முடிந்ததும் மேடைக்குக் கிட்டே போய், "ஒண்ணும் வெளங்கலடா. இதையே நம்ப பேச்சுல பாடு" என்றார். மாப்பிள்ளை வீட்டாரும் பாடச் சொன்னார்கள். தினேஷ் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் பாடினான். முதலில் தமிழில்தான் எழுதியிருந்தானாம். கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறுகிறவனுக்கு, இறங்கிப் போக ஆபீஸ் இல்லை என்று வந்தது பாட்டு. நான் கிட்டாரை இன்னும் ஏற்றினேன்.

அவன் நைனா எழுந்து நேராக என் சவுண்ட் மிக்சர் மேசைக்கு வந்தார். ஒயரைப் பிடுங்கப்போகிறார் என்று பயந்தேன்.

"அந்தக் கிட்டார கொறைப்பா. புள்ள இன்னாமோ சொல்றான், காதுல உழணும்."

குறைத்தேன். பாட்டு முடியும்வரை என் மேசையைப் பிடித்தபடி நின்று கேட்டார். பிறகு மேடைக்குப் போய், மகன் கையில் ஒரு சோடா பாட்டிலைக் கொடுத்து, "தொண்ட காஞ்சிருக்கும், குடி" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடுகிறவன் தன் குரலையே குறைக்கச் சொன்னால், முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள்.