ஸ்கேல் அக்கா கிழித்த கோடுகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டுகளில் தோல் செல்களை வளர்ப்பது அவள் வேலை. செல்கள் படர்ந்து தட்டை நிறைத்ததும், பிப்பெட் என்ற மெல்லிய குழாயின் முனையால் நடுவே ஒரு கோடு கிழிப்பாள். அதுதான் காயம். பிறகு பாதித் தட்டுகளில் ரத்தத்திலிருந்து பிரித்த, பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவை விடுவாள். மீதியில் வெறும் ஊட்டத் திரவம். எதில் காயம் சீக்கிரம் மூடுகிறது என்று படமெடுத்து அளப்பாள். பத்தொன்பது வருடப் பழக்கம். ஸ்கேல் வைத்தாலும் இவ்வளவு நேராக வராது என்பார்கள், கொஞ்சம் பொறாமையோடுதான்.

வீட்டிலும் ஒரு காயம் இருந்தது. கணவர் பஸ் டிரைவர், சர்க்கரை நோய்க்காரர். வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே எட்டு மாதமாக ஆறாத புண். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம், "உன் தட்டுல இருக்கறதுங்களுக்கு மட்டும்தான் ஆறுமா? எனக்கு ஆறாதா?" என்று வம்புக்கு இழுப்பார். அவளும் சிரிப்பாள். புண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விடும். இரண்டு மாதத்தில் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து முடிவுகள் அமோகமாக வந்தன. பிளாஸ்மா விட்ட தட்டுகளில் கோடு ஒரே நாளில் மூடியது. நோயாளிகளின் புண்ணில் எவ்வளவு பிளாஸ்மா வைப்பது என்ற கணக்கைப் பேராசிரியர் இந்தத் தட்டுகளிலிருந்துதான் எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கான நோயாளிகள் பட்டியல் தயாரானது. மூன்றாவது ஆள் அவள் கணவர். மனுஷன் டிப்போவுக்குப் போன் போட்டு, சீக்கிரமே வண்டி எடுக்க வந்துவிடுவேன் என்று சொல்லியும் விட்டார்.

கட்டுரைக்குப் படங்களை அடுக்கும்போதுதான் அவள் கவனித்தாள். கிழித்த உடனே எடுத்த படங்களில், பிளாஸ்மா தட்டுகளின் கோடு மட்டும் மயிரிழை அளவு ஒல்லி. ஒன்றிரண்டில் இருந்தால் தற்செயல் எனலாம். முப்பத்தாறு தட்டிலும் அப்படியே. எந்தத் தட்டு எது என்று கிழிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆள் பற்றாக்குறையில், எதில் பிளாஸ்மா விடுவது என்று அவளே மூடியில் எழுதி, அவளே கிழித்திருந்தாள். ஸ்கேல் அக்காவின் கையை யார் சந்தேகப்படுவார்கள்? இது ஆறிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கிழித்த கை, அவளைக் கேட்காமலே அந்தத் தட்டுகளில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. ஒல்லிக் கோடு சீக்கிரம் மூடாமல் என்ன செய்யும்?

இரண்டு நாள் மென்று முழுங்கினாள். அவளாகச் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப் போவதில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அந்தத் தப்புக் கணக்கை நம்பிப் பட்டியலில் இன்னும் பத்தொன்பது பேரின் கால்கள் இருந்தன. மூன்றாம் நாள் பேராசிரியர் முன்னால் படங்களைப் பரப்பினாள்.

"சார், இது தப்பு. என் கைதான் காரணம்."

அவர் ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரும் லிஸ்ட்ல இருக்காரேம்மா."

"தெரியும் சார்."

வேறொருவர் அடையாளம் எழுத, எல்லாம் மறுபடி செய்தார்கள். பிளாஸ்மா உதவத்தான் செய்தது, ஆனால் கொஞ்சமாக. புது அளவு கண்டுபிடிக்க வேண்டும் என்று சிகிச்சையை ஆறு மாதம் தள்ளினார்கள். புண் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏதோ தள்ளிப்போய்விட்டது என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், ஆஸ்பத்திரி அறையில் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார் அவர்.

"இருந்திருக்கலாம்."

"அந்த பிளாஸ்மாவ வெச்சிருந்தா ஆறியிருக்குமா?"

"தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஜன்னலோரம் போய், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற தாய் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. பின்னால் கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது. திரும்பிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து எழப் பார்த்தவர், முடியாமல் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"அங்க நின்னு அழாத" என்றார். "இங்க வந்து அழு. என்னால எழுந்து வர முடியல."