மனூசோஸ் சொன்ன மாதம்

கிரீட் தீவின் தென்கரையில் எங்கள் ஊரில் கார் வாடகைக்கு விடுகிறவன் மனூசோஸ் ஒருவன்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா மகன். அப்பன் விட்டுப்போன ஆடுகளை விற்று முதல் காரை வாங்கினான். ஆட்டுக்காரன் புத்தி மட்டும் போகவில்லை. வெளியே போன கார் திரும்பி வந்ததும் சுற்றிச் சுற்றி வந்து விலாவைத் தடவிப் பார்ப்பான்.

அவனுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. எந்த ஊர்க்காரர் போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டாலும், ஆளுக்குத் தகுந்த மாதத்தைச் சொல்வான். "பச்சைக் குழந்தையா? அப்ப ஜூன். குளிக்கிறதுக்குக் கடல் வெதுவெதுன்னு இருக்கணுமா? செப்டம்பர் கடைசி. பூப் பார்க்கணும்னா ஏப்ரல். ஆகஸ்டுல மட்டும் வந்துடாதீங்க, காத்து கார்க் கதவைப் பிடுங்கிட்டுப் போயிடும்."

அவன் பெண்டாட்டி கருஃபாலியா தலையில் அடித்துக்கொள்வாள். "நீ கார் விடுறியா, ஜோசியம் சொல்றியா? ஆகஸ்டுல வராதேன்னு சொல்ற கார்க்காரன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

அவனை நம்பி வந்தவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை. நார்வேயிலிருந்து அந்த அம்மாள் பேசும்வரை அப்படித்தான் இருந்தது.

அவள் பெயர் சிக்ரிட். புருஷன் ஓட்வார் காலமெல்லாம் பால் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து பிழைத்து எழுந்தார். இனி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் சொந்தத் தெருவில் சன்னலுக்குச் சன்னல் ஆள் நின்று பார்க்கிறதாம். கையை ஸ்டியரிங்கில் வைத்தால் விறைத்துப் போகிறதாம். யாரும் பார்க்காத, வண்டி வராத சாலை எங்காவது கிடைத்தால் ஓட்டிப் பார்ப்பார், அங்கேயும் முடியாவிட்டால் காரை விற்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றாள்.

மனூசோஸ் யோசிக்கவே இல்லை. "ஜனவரி. நடுக் குளிர்ல சில நாள் வசந்தம் மாதிரி வெயில் அடிக்கும். மீன்கொத்தி குஞ்சு பொரிக்கிற நாள்னு நாங்க சொல்லுவோம். ரோட்டுல ஈ காக்கா இருக்காது."

வந்தார்கள். விடுதியெல்லாம் பூட்டிக் கிடந்ததால் என் வீட்டு மாடி அறையில் தங்கினார்கள். ஓட்வார் நெட்டையாக, கூச்ச சுபாவக்காரராக இருந்தார். இடது கையால் ரொட்டியைப் பிய்க்கப் பழகிக்கொண்டிருந்தார். மறுநாளே வெயில் பளிச்சென்று அடித்தது. மனூசோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்தான். "பாத்தீங்களா அத்தை?"

பார்த்தேன். கார் போய் ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தது. ஓட்டி வந்தது ஓட்வார் இல்லை, எங்கள் ஊர் ஆலிவ் தோட்டக்காரன் சிஃபிஸ்.

நல்ல வெயில் என்றால் ஊரே ஆலிவ் பறிக்கப் போகும். கோயில் வளைவில் சிஃபிஸ் தன் மூட்டை வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, எதிரே வந்த மச்சானோடு எந்தச் செக்கில் ஆட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான். பின்னால் வந்து நின்ற ஓட்வாருக்குப் பின்னால் இன்னும் வண்டிகள், ஹாரன். மனிதருக்குக் கை விறைத்துவிட்டது. சிஃபிஸ் நல்ல மனதோடுதான் இறங்கி வந்திருக்கிறான். கதவைத் திறந்து, கிழவரை மெல்லத் தள்ளி உட்காரவைத்து, தானே ஓட்டி வந்துவிட்டான். அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மாடிக்குப் போனவர் சாப்பிட இறங்கவில்லை.

நான் மனூசோஸைப் பிடித்துக்கொண்டேன். "காலி ரோடுன்னு சொன்னியாமே?"

"காலிதானே அத்தை. ஒரு வெளியூர் வண்டி இல்லையே."

"சிஃபிஸ் வண்டி?"

"அது நம்ம வண்டி."

"நம்ம வண்டி ஆகாசத்துலயாடா ஓடுது?"

பாவம், அவன் கணக்கில் விருந்தாளிகளின் வண்டிதான் வண்டி. நம் வீட்டுக்குள் நாம் நடப்பதைக் கூட்டம் என்று யார் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் காபிக் கடையில் போய் நின்று, ஒரு காலை மட்டும் யாரும் சாலைக்கு வராதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறான். "என் மாமியார் செத்தப்பவே காய் விழ மரத்தடியில விரிச்ச வலையை நான் சுருட்டலைடா" என்றானாம் சிஃபிஸ். காய் காத்திருக்குமா? வெயில் விடாமல் அடித்தது, வண்டிகளும் விடாமல் ஓடின. மனூசோஸ் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். சிக்ரிட் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டது. மனூசோஸ் சொட்டச் சொட்ட என் அடுக்களையில் வந்து நின்றான். "மழைக்கும் சேத்து மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றான்.

ஓட்வார் இறங்கி வந்து சன்னலருகே வெகுநேரம் நின்றார். என்னவோ கேட்டார்.

"எல்லாரும் எங்கேன்னு கேக்கறார்" என்றான் மனூசோஸ்.

"மழையில எவன் காய் பறிப்பான்? எல்லாம் காபிக் கடையில சீட்டு ஆடுதுங்க" என்றேன்.

அதை மனூசோஸ் அவருக்குச் சொல்லி முடித்ததும் ஓட்வார் கையை நீட்டினார். சாவிக்கு.

"இந்த மழையிலயா? அவருக்கென்ன பைத்தியமா? கல்லு உருண்டு கிடக்கும்" என்று கத்தினேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சிக்ரிட் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்து, ஏதோ சொன்னாள். மனூசோஸ் என்னிடம் திரும்பினான். "அவங்க ஊர்ல இதுக்குப் பேர் மழையே இல்லையாம் அத்தை."

ஆனாலும் நான் சொன்னது அவன் காதில் ஏறியிருந்தது. எங்கள் சாலை மலையடியைச் சுற்றிக் கடலோரமாக ஊருக்கே திரும்பும். முதலில் தன் வண்டியில் அது முழுவதும் ஒரு சுற்று போனான். விழுந்த கல்லையெல்லாம் ஓரமாகப் புரட்டிவிட்டு, கையெல்லாம் சேறாக வந்து சாவியைக் கொடுத்தான். சிக்ரிட் ஏறி உட்கார்ந்தாள். ஓட்வார் அவளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் இறங்கிவிட்டாள். அவர் தனியாகவே போனார்.

கார் சத்தம் கேட்டுக் காபிக் கடைக் கூட்டம் வாசலுக்கு வந்தது. மனூசோஸ் மழையிலேயே அங்கே ஓடினான். "திரும்புங்கடா! சுவத்தப் பாத்து உக்காருங்க! எவனாவது எட்டிப் பாத்தான், கை தட்டினான், வர்ற ஈஸ்டருக்கு அவன் வீட்டுப் படி ஏற மாட்டேன்!"

"வெளிச்சம் முதுகுப் பக்கம், சீட்டு தெரியலைடா!" என்றான் சிஃபிஸ்.

"தலைக்கு மேல தூக்கிப் பிடி!"

அத்தனை ஆண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனூசோஸ் நனைந்துகொண்டே என் கேட்டருகே நின்றான். உள்ளே வாடா என்றேன், வரவில்லை. நானும் சிக்ரிட்டும் பருப்பில் கல் பொறுக்கினோம். அவள் பொறுக்கிய கல்லையெல்லாம் பருப்போடு போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கடற்கரைப் பக்கமிருந்து கார் வந்தது. மெதுவாக, தன் பாதையிலேயே, நேராக வந்தது. சிக்ரிட் எழுந்து வாசலுக்கு ஓடினாள். மனூசோஸ் கேட்டைத் திறந்து பிடித்தான்.

கார் நிற்கவில்லை. ஓட்வார் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கேட்டைத் தாண்டி, காபிக் கடையைத் தாண்டி, கோயில் வளைவில் திரும்பி மறுபடியும் மலைப்பக்கம் போய்விட்டது.

"வந்துட்டாரா, திரும்பலாமா?" என்று கடைக்குள்ளிருந்து சிஃபிஸ் கத்தினான்.

"இல்லைடா" என்றான் மனூசோஸ். "இன்னொரு சுத்து போறார். அப்படியே உக்காருங்க."