சிவப்புத் துணி கட்டிய தடிகள்

பறவைகளைப் படம் பிடிக்கிற பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுக்கப் பழகினேன். மன்னாரில் எங்கள் ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி வந்த பிறகும் அதுதான் பிழைப்பு. ஆனால் மன்னார்ப் பாலத்தை அடுத்த உப்புச் சேற்றில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் என் கை சும்மா இருக்காது.

"கலியாணவீட்டில படம் எடுத்தாச் சோறாவது போடுவினம். கொக்கு உமக்கு என்ன போடும்?" என்று என் கணவர் கேட்பார். கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தியும் விடுவார்.

ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். அவருக்கு அங்கே பெயின்ற் அடிக்கிற வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்காகத்தான் வந்தார். "ஏதும் ஒண்டு நடந்துதோ, அடுத்த நாளே திரும்பிப் போயிடுவம்" என்று வந்த அன்றே சொல்லிவைத்தார். அதனால் கூரை ஒழுகினாலும் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் நான் மூச்சுக் காட்டுவதில்லை.

ஒரு பின்னேரம், தாழ்வுபாட்டில் கோயிலில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளையின் வீட்டில் படமெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். பாலத்தடியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. சேற்று ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பவளக்கால் உள்ளான் கூட்டமொன்று, பெயருக்கேற்ற சிவந்த நீளக் கால்களோடு, மேய்ந்துகொண்டிருந்தது. விடுவேனா? செருப்பைக் கழற்றிக் கையில் கோத்துக்கொண்டு, கமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் போனேன். அவை நகர நகர நானும் நகர்ந்தேன். படம் எடுக்கிறவளுக்குக் கண்ணாடிக்குள் தெரிவதுதான் உலகம்.

கமராவை இறக்கியபோது என்னைச் சுற்றிலும் முழங்கால் உயரத்தில் தடிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மீளக் குடியேறிய எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லித் தந்திருந்தார்கள். சிவப்பு என்றால் மிதிவெடி. நில், கத்து, வந்த கால்தடத்திலேயே திரும்பிப் போ. நின்றேன். கத்தினேன். திரும்பிப் பார்த்தால் கால்தடம் ஒன்றையும் காணவில்லை. இளஞ்சேறு எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றும் நடக்காதது போல மினுங்கிக்கொண்டிருந்தது. பாடம் எடுத்த மனிதர் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகப்போகிற நேரத்திலும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

என் கணவர் வீதியிலிருந்து இறங்கினார்.

"வராதேங்கோ! மிதிவெடி! அங்கயே நில்லுங்கோ!"

நின்றார். தடிகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது அத்தனை தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. பிறகு நல்ல காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு நேரே என்னை நோக்கி வரத் தொடங்கினார். விசரன் என்றேன், கழுதை என்றேன், அழுதேன். ஒன்றையும் பொருட்படுத்தாமல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்போது வீதியில் ஒரு சைக்கிள் நின்றது. பின்னால் வலை கட்டியிருந்தது.

"அண்ணை, என்ர தடியளுக்குள்ள நிண்டு ரெண்டு பேரும் என்ன செய்யிறியள்?"

"மிதிவெடி, தம்பி! சிவப்புக் கட்டியிருக்கு!"

"அது நான் கட்டினது" என்றபடி சைக்கிளில் வந்தவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சளக் சளக்கென்று தடிகளுக்குள்ளே நடந்து வந்தார். "இறால் வலை கட்டுற தடி. சும்மா நட்டா விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போயிடுவாங்கள். சிவப்பைக் கண்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

ஒரு தடியைப் பிடுங்கிக் காட்டினார். பழைய சட்டைத் துணி, கரையில் பூவேலை கூட இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கையிலிருந்த செருப்பை அந்த வலைக்காரர் மேல் எறிந்தேன். அது குறி தவறிச் சேற்றில் விழ, அவரே எடுத்துத் துடைத்து, "கோவிக்காதேங்கோ அக்கா" என்று நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. உள்ளான்கள் பறந்து போயின, போகட்டும் என்று விட்டேன். அவ்வளவு ஆறுதலாக வாழ்நாளில் நான் சிரித்ததில்லை.

வீதிக்கு ஏறிப் போத்தல் தண்ணீரில் கால் கழுவினோம்.

"வராதேங்கோ எண்டு கத்தினனான், கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"மிதிவெடி எண்டும் சொன்னனான்."

"ஓம், அதுவும் கேட்டது."

"பிறகேன் வந்தனீங்கள்?"

அவர் சுருட்டிய காற்சட்டையை இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"நீர் இல்லாம நான் எந்த ஊருக்குப் போறது? ஏறும்."